மீசை வைத்த பாதிரியாரின் ஊரில்

எங்கள் வீட்டில் எனக்கு நல்ல மனிதர் என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் 'ஓம்' என்பேன். பால் வாங்கி வரச் சொன்னாலும் ஓம், கோயில் கூட்டத்துக்கு வரச் சொன்னாலும் ஓம். என் மனைவி சுகந்தி இதைத் தன் சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்வாள். உண்மை வேறு. நாலைந்து வருடங்களாக எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. 'என்ன?' என்று மூன்று தரம் கேட்பதைவிட 'ஓம்' என்று ஒரு தரம் சொல்வது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

காது போனதற்கு ஊழ்வினை ஒன்றும் காரணம் இல்லை. ஒஸ்லோவில் ஒரு பெரிய சலவை ஆலையில் எனக்குப் பதினாறு வருட வேலை. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, அழுத்தி மடிக்கும் இயந்திரங்கள் நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். காதை மூடக் கவசம் தந்திருந்தார்கள். வியர்க்கிறது என்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தது நான். விஷயம் தெரிந்தால் வீட்டில் இருத்திவிடுவார்களோ என்று பயம். அதைவிட வெட்கம். நாற்பத்தெட்டு வயதில் செவிடன் என்று பெயரெடுக்க யாருக்கு ஆசை? ஒருவருக்கும் சொல்லவில்லை, சுகந்திக்கும் சொல்லவில்லை.

2007 கோடையில், இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை தேவி புதுவீடு வாங்கினாள். குடிபூரலுக்குத் தமையன் போகாமல் எப்படி? சுகந்திக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. மகள் மயூரி துணைக்கு வந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, அந்தக் கோடையோடு பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது. ஐந்து நாள் பயணம். பெட்டியில் பாதி என் உடுப்பு, மீதி நோர்வேயின் பழுப்புச் சீஸ்.

தேவியின் ஊர் மஞ்செஸ்டரிலிருந்து முக்கால் மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் ஒரு பழைய பஞ்சாலை நகரம். பெயரைச் சொல்லவில்லை. அங்கே நான் கேட்ட கதைகளில் எத்தனை உண்மை என்று எனக்கே தெரியாது, ஊர்க்காரர் நாளைக்குச் சண்டைக்கு வரக்கூடாது. செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி மேட்டில் ஏறிப்போகின்றன. அவற்றுக்கு மேலே புகையில்லாத புகைபோக்கிகள். எங்கள் ஒஸ்லோவிலும் ஆக்கர்ஸ்எல்வா ஆற்றோரம் இப்படி ஆலைகள் உண்டு. அங்கே அவற்றைக் கழுவித் துடைத்துக் கல்லூரியும் அலுவலகமும் ஆக்கிவிட்டார்கள். இங்கே ஒரு ஆலையில் தளபாடக் கடை, இன்னொன்றில் கல்யாண மண்டபம், மற்றதில் புறாக்கள்.

நிலையத்திலிருந்து ஏறிய பஸ்ஸின் சாரதி, பெருத்த மீசைக்காரர், என்னைப் பார்த்து 'லவ்' என்று அழைத்தார். அந்த ஊரில் ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லோரும் எல்லோருக்கும் 'லவ்'தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் சுகந்திகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. மயூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டில் தேவியின் கணவர் குணம் சீஸில் ஒரு துண்டை வாயில் போட்டு, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மச்சான், இது இனிப்போ, கறியோ?" என்றார்.

இருபது வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குடிபூரல். ஐயருக்கு அன்றைக்குத்தான் வேலை இல்லை என்பதால் நாளும் நட்சத்திரமும் அதற்கேற்ப நல்லதாகிவிட்டன. பால் பொங்கியதும் புகை எச்சரிக்கைப் பெட்டியும் சேர்ந்து கத்தியது. நல்ல சகுனம் என்று குணம் சொன்னார். சனம் வந்து சாப்பிட்டுப் போனபிறகு, தேவி வடைத் தட்டோடு எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். நேர் எதிரே உட்கார்ந்தால் எனக்கு முக்கால்வாசி விளங்கும். வாயைப் பார்த்துக்கொள்வேன்.

"அண்ணை, நீங்கள் பெரிய ஆள்தான். பிள்ளையைப் பேர்கனுக்குப் படிக்க விட உடனை ஓம் எண்டிட்டியளாம். எங்கட ஆக்களிலை ஆர் இப்பிடி விடுவினம்?"

கடித்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

"அப்பா ஒரு கேள்வி கேக்கேல்லை, மாமி," என்றாள் மயூரி. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் பயந்து பயந்து அரை மணித்தியாலமாச் சொல்ல, ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவர். ஸ்கூல் சிநேகிதியள் எல்லாருக்கும் சொன்னனான்."

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வாரம் முன்பு மரக்கறிப் பைகளோடு ரீ-பானெ என்ற ஒஸ்லோ நகர ரயிலில், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சுரங்கத்துக்குள் ரயில் இரைந்தது. மயூரி பக்கத்தில் இருந்து நிறையப் பேசினாள். கடைசியில் கண் கலங்கி என் கையைக் கட்டிப்பிடித்தாள். இங்கிலாந்துப் பயணத்துக்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்து, தலையில் தட்டிக்கொடுத்தேன்.

விஷயம் இதுதான். நோர்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பேர்கனில் கடல் உயிரியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் புறப்பட்ட அன்றுதான் அறிவித்தல் வந்திருந்தது. புதன்கிழமைக்குள் இணையத்தில் 'ஏற்கிறேன்' என்று பதில் போடவேண்டும், தவறினால் இடம் வேறொருவருக்கு. தேவியின் புதுவீட்டில் இணையத் தொடர்பு இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நகர நூலகத்தில் போடுவதாக மயூரியின் திட்டம். நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில் மூன்று வருடம் மீன் வெட்டியவன் நான், மீனைப் படிக்க ஐந்து வருடம் எடுக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

அன்றைக்கே 'எனக்குக் கேட்கவில்லை, நான் சம்மதிக்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காது விஷயம் வெளியே வரும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடுவாள். எனக்குப் பெட்டைப்பிள்ளை தனியே போகிறாளே என்ற கவலை மட்டும் இல்லை. வீட்டில் தொலைபேசி அடித்தால் எடுப்பவள் மயூரிதான். கடையில், வங்கியில், டொக்டரிடம் எனக்கு முன்னால் பேசுபவள் அவள்தான். அப்பாவுக்கு நோர்வீஜிய மொழி வராது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மொழி வரும். சத்தம்தான் வராது. அவள் பேர்கனில் இருந்தால் நான் ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். இதை ஒரு அப்பன் எழுத வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் சந்தை பார்க்கப் புறப்பட்டோம். பஸ்ஸில் சாரதி என்னிடம் ஏதோ கேட்டார். நான் 'யெஸ்' என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் 'யெஸ்'. அரை மணித்தியாலத்தில் வீடுகள் முடிந்தன, மரங்கள் முடிந்தன, கடைசியில் ஆடுகள் மட்டும் நிற்கும் ஒரு மொட்டை மேட்டில் பஸ் நின்றுவிட்டது. அது எதிர்த்திசைப் பஸ். சந்தைக்கா என்று கேட்காமல் மேட்டுக்கா என்றுதான் அந்த மனிதர் கேட்டிருக்கிறார், இரண்டு தரம்.

"அப்பா, அவர் தெளிவாத்தானே கேட்டவர்?"

"காத்து நல்லது பிள்ளை, ஒருக்காப் பாப்பம் எண்டுதான்," என்றேன்.

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம். பஸ் நிற்கும் இடத்தில் இருந்த சின்னக் கடையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட, 'பை' என்று அங்கே சொல்லும் மாப் பண்டம் இரண்டு வாங்கினோம். மேலே மிளகுத்தூளைக் கொட்டிச் சாப்பிட, நன்றாகவே இருந்தது. அந்தச் சூடும் உப்பும் குளிர் மேட்டுக்கென்றே செய்தவை. கல்மதிலில் இருந்து மயூரி பேசினாள். காற்று எல்லாச் சொல்லையும் ஆடுகளிடம் கொண்டுபோனது. 'ஹூபெல்' என்ற சொல்லை மட்டும் உதட்டில் பிடித்தேன். மாணவர்கள் வாடகைக்கு எடுக்கும் ஒற்றை அறைக்கு நோர்வேயில் அதுதான் பெயர். நான் தலையாட்டினேன். அவள் இன்னும் சந்தோஷமாகப் பேசினாள். என்னை நானே உதைக்கவேண்டும் போல இருந்தது.

செவ்வாய் காலை குணம் எங்களை ஊர் வரலாற்று நடைக்கு அனுப்பினார். வழிகாட்டி ஈடித் என்ற அம்மா. எழுபதைத் தாண்டிய வயது, பதினைந்து வயதிலிருந்து நெசவு ஆலையில் வேலை செய்தவர். ஐந்தடி உயரம்கூட இல்லை. ஆனால் பேசும்போது முகம் முழுவதும் பேசியது. ஒவ்வொரு சொல்லையும் வாயில் பெரிதாக வனைந்து எங்கள் முன்னால் வைத்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒருவர் பேசியதில் ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. குழுவில் ஒரு டசின் பேர். நான் முதல் வரிசையில் போய் நின்றேன்.

என்ன கதைகள்! விடியற்காலையில் நீண்ட மூங்கில் தடியால் மாடி ஜன்னலைத் தட்டி வேலையாட்களை எழுப்பவென்றே ஒருவர் இருந்தாராம். ஒரு தெருவில் அந்த வேலையைச் செய்தவர் தடி தூக்கச் சோம்பல்பட்டுக் குழலில் பட்டாணியை வைத்து ஊதி ஜன்னலை அடித்தாராம். வசந்தத்தில் அந்தத் தெரு முழுக்கப் பட்டாணிச் செடி முளைத்ததாம்.

ஊரிலேயே உயரமான புகைபோக்கியைக் கட்டி முடித்த அன்று, முதலாளி அதன் உச்சியில் மேசை போட்டு விருந்து வைத்தாராம். வாத்திய கோஷ்டியும் மேலே போனதாம். எல்லோரும் இறங்கியபிறகு பெரிய ஊதுகுழல்காரர் மட்டும் கீழே பார்த்துவிட்டு இறங்க மறுத்துவிட்டார். இரண்டு நாள் அங்கேயே இருந்து ஊதினாராம். கோடையில் ஒரு கிழமை எல்லா ஆலைகளும் ஒரே நேரத்தில் மூடப்படும், ஊரே ரயிலேறிக் கடற்கரைக்குப் போய்விடும். ரொட்டிக்காரரும் போய்விடுவார். அந்தக் கிழமையில் ஊருக்குள் வந்த ஒரு திருடன் பேச ஆளில்லாமல் வெறுத்துப்போய், தானே பொலிஸுக்குப் போனானாம். அங்கேயும் யாரும் இல்லையாம்.

பிறகு ஒரு தேவாலயத்தின் முன்னால் நிறுத்தினார்.

"தறிக் கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகள். இடி இடித்தாலும் கேட்காது. அதனால் நாங்கள் உதட்டால் பேசினோம். மீ-மோ என்று அதற்குப் பெயர். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குச் சமையல் குறிப்பு போகும், கல்யாணப் பேச்சு போகும், சத்தமே இல்லாமல். பாதிப் பேருக்குக் காது போயிற்று, ஆனால் ஞாயிறு பிரசங்கம் கடைசி வரிசை வாங்கிலிருந்தும் விளங்கும். ஒரு முறை புதுப் பாதிரியார் வந்தார். வாயை மூடி விழுந்த மீசை. மூன்றே வாரத்தில் கோயில் வெறிச்சோடிப்போனது. நெசவுப் பெண்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். அவருடைய சமையல்காரிதான் கடைசியில் சவரக்கத்தியைக் கொண்டுபோய் வைத்தாள்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. எங்கள் ஆலையில் புதிதாக வந்த மேற்பார்வையாளர் தாடி வைத்தவர். ஆறு மாதமாக அவர் சொல்வது எதுவும் எனக்குப் புரிவதில்லை. 'நாளையிலிருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்' என்று சொன்னாலும் ஓம் என்பேன்.

"எப்படிப் பேசினோம் என்று காட்டுகிறேன்," என்று ஈடித் தெருவைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நின்றார். நடுவில் வாகனங்கள். எங்களைப் பார்த்து, குரலே இல்லாமல், வாயை மட்டும் அசைத்தார்.

நான் குனிந்து என் சப்பாத்து நூலைக் கட்டினேன்.

நிமிர்ந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈடித் தெருவைக் கடந்து வந்தார்.

"நான் என்ன சொன்னேன் என்று வேறு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "நோர்வேயிலிருந்து வந்த ஐயா, உங்கள் சப்பாத்து நூல் அவிழ்ந்திருக்கிறது என்றேன்." பிறகு எனக்கு அருகில் வந்து, "எத்தனை வருடம் தறியில் நின்றீர்கள், லவ்?"

"தறி இல்லை. சலவை ஆலை. பதினாறு வருடம்."

"காது போய் எவ்வளவு காலம்?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். இவருடைய முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "நாலு, ஐந்து வருடம்," என்றேன். பக்கத்தில் மயூரி நின்றாள்.

அவள் கணக்குப் போடுகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. மேட்டுக்குப் போன பஸ், எடுக்காத தொலைபேசி, எல்லாம் வரிசையில் வந்திருக்கும். என்னைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அண்டைக்கு ரீ-பானெயிலை நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ?"

"சுரங்கத்துக்குள்ளை சரியான சத்தம் பிள்ளை."

"கேட்டதோ, இல்லையோ?"

"கேக்கேல்லை."

"அப்ப ஓம் எண்டது?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், என்ர அப்பா உடனை ஓம் எண்டவர் எண்டு. நீங்கள் ஓம் எண்டு சொல்லவே இல்லை. அப்ப நான் போகேல்லை. இடம் வேண்டாம் எண்டு போடுறன்." திரும்பி விறுவிறுவென்று நூலகப் பக்கம் நடந்தாள்.

நான் விரும்பியது அதுதானே? பிள்ளை வீட்டில் நிற்பாள், தொலைபேசியை எடுப்பாள். அங்கேயே நின்றிருந்தால் எல்லாம் என் இஷ்டப்படி முடிந்திருக்கும். என் நெஞ்சு அதை ஏற்கவில்லை. தன் அப்பனைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே பெருமையை நான் ஒரு நிமிடத்தில் பறித்துவிட்டேன்.

ஈடித் என் கையைப் பிடித்தார். "என் வீட்டுக்காரரும் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றுதான் இருந்தார். ஒரு நாள் எங்கள் பியானோவை விற்கச் சம்மதித்துவிட்டார். ஆட்கள் தூக்க வந்தபோதுதான் எனக்குத் தெரியும்," என்றார். "ஓடுங்கள், லவ்."

ஓடினேன்.

நூலகத்தில் கணினிகள் ஒரு மூலையில் வரிசையாக இருந்தன. மயூரி நோர்வீஜியப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். 'ஏற்கிறேன்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டங்கள். 'வேண்டாம்' என்பதற்கு அருகில் அம்புக்குறி நின்றது. பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பிள்ளை, இன்னொருக்காக் கேள்," என்றேன்.

செவிடர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பேப்பர் படித்த கிழவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். நூலகப் பெண் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். மயூரி என்னைப் பார்க்காமல் இருந்தாள். நானும் எழும்பாமல் இருந்தேன். கடைசியில் திரும்பி என் முகத்துக்கு நேரே, குரல் எடுக்காமல், ஈடித் செய்ததைப் போல ஒவ்வொரு சொல்லாக உதட்டில் வைத்தாள்.

"அப்பா, நான் பேர்கனுக்குப் படிக்கப் போகட்டோ?"

"கடைசிச் சொல் விளங்கேல்லை. திருப்பிச் சொல்லு."

வெளியே சொல்லிவிட்டேன். அத்தனை வருடங்களில் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை, நூலகப் பெண் மட்டும் இன்னொரு தரம் முறைத்தார். மயூரி திருப்பிச் சொன்னாள்.

"எத்தினை வருசம்?" என்றேன்.

"அஞ்சு."

"ஆரோடை இருப்பாய்?"

"ஹூபெல். ரெண்டு பிள்ளையள், ஒரே குசினி."

"சமைக்கத் தெரியாதே உனக்கு."

"பழகுவன்."

"அங்கை எந்த நாளும் மழையாம்."

"குடை இருக்கு, அப்பா."

"படிச்சு என்ன வேலை செய்வாய்?"

அதற்கு அவள் நீளமாகப் பதில் சொன்னாள், சத்தமில்லாமல், கைகளையும் சேர்த்து ஆட்டி. வடக்குக் கடல், மீன் குஞ்சு, தண்ணீர் சூடாவது என்று ஏதேதோ வந்தது. பாதியில் இரண்டு தரம் நிறுத்தி மறுபடி கேட்டேன். அவளுக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. முந்தி ஒரு கேள்வியும் கேட்காத அப்பாவைப் பற்றித்தான் அவள் ஊரெல்லாம் பெருமையடித்தாள். இப்போது குறுக்கு விசாரணை செய்கிற அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

என் பயத்தையும் சொன்னேன். "நீ போனா ஆர் எனக்கு ரெலிபோன் எடுக்கிறது?"

"காதுக்கு மெஷின் பூட்டினா நீங்களே எடுக்கலாம்," என்று உதட்டால் சொன்னாள். "நான் அங்கையிருந்து கோல் எடுத்தா நீங்கள்தான் எடுக்கவேணும். வேறை ஆரும் எடுக்கக்கூடாது."

நான் கையை நீட்டி, அவள் கைமேல் வைத்து, அம்புக்குறியை 'ஏற்கிறேன்' பக்கம் தள்ளினேன். அழுத்தியது அவள்.

வெளியே வந்து நூலகப் படியில் நின்றோம். "அம்மாட்டை ஆர் சொல்லுறது? உங்கட காதைப் பற்றி," என்று கேட்டாள் மயூரி. நான் அவளுடைய கைத்தொலைபேசியை வாங்கி ஒஸ்லோவுக்கு அழைப்பு எடுத்தேன். மறுமுனையில் ஏதோ ஒலி வந்ததும் சுகந்திதான் என்று நம்பிப் பேசத் தொடங்கினேன். காது, சலவை ஆலை, கழுத்தில் கிடந்த கவசம், தெரியாமல் சொன்ன ஓம்கள், மகளுக்கு இப்போது கேட்டு அறிந்து கொடுத்த சம்மதம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்தியதும் காதில் ஒரு கரகரப்புத்தான் கேட்டது.

"அம்மா என்ன சொல்லுறா எண்டு கேட்டுச் சொல்லு," என்று மயூரியிடம் கொடுத்தேன்.

அவள் காதில் வைத்து நெடுநேரம் கேட்டாள். பிறகு என் முகத்துக்கு நேரே நின்று உதடசைத்தாள்.

"அம்மா அழுறா. திங்கட்கிழமை லீவு போடட்டாம். டொக்டரிட்டைத் தானும் வாறாவாம்."

முதல் தரமே விளங்கிவிட்டது. இருந்தாலும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.